மூன்றாவது தகட்டின் முனை

நூம்பலில் இறக்கி வைத்துவிட்டால் அதோடு சரி, இனி அந்த இரும்பைக் கையால் தொடமாட்டேன் என்று இருதயராஜ் போன மாதமே வீட்டில் சொல்லிவிட்டார். மனைவி புஷ்பா நம்பவில்லை. இதையேதான் அவர் போன கண்காட்சிக்கும் சொன்னார், அதற்கு முந்தின கண்காட்சிக்கும் சொன்னார். ஆனால் இந்தத் தடவை நிஜமாகவே முடியப்போகிறது. ‘மூவர்’ என்கிற அந்தச் சிற்பம் நூம்பலுக்குப் போனால் திரும்பி வரப்போவதில்லை.

அவருக்கு ஐம்பத்தொன்பது வயது. அதில் முப்பத்தேழு வருஷம் பாரம் தூக்கியே போய்விட்டது. கலாசி என்பார்கள் அந்த வேலையை. பெரிய இரும்புச் சாமானில் பெல்ட்டை எங்கே போட்டால் சாயாமல் எழும்பும், எந்தப் பக்கம் இழுத்தால் சுவரில் இடிக்காமல் திரும்பும், தூக்கும்போது எங்கே நிற்கக்கூடாது என்று தெரிந்தவன் கலாசி. படித்து வாங்குகிற பட்டம் இல்லை இது. பக்கத்தில் நின்றவனுக்குக் கால் போவதைப் பார்த்துத்தான் பாதி வேலை மனதில் பதியும். இருதயராஜின் கால்கள் இரண்டும் பத்திரமாக இருந்தன. முழங்கால்கள்தான் தேய்ந்துவிட்டன. காலையில் கட்டிலிலிருந்து எழுந்து நேராக நிற்க அவருக்கு ஐந்து நிமிஷம் ஆகும். அந்த ஐந்து நிமிஷமும் யாரும் பேச்சுக் கொடுக்கக்கூடாது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் அவர் வேலை பார்த்த பட்டறையை மூடிய வருஷம், அதே கொட்டகையின் பின்பக்கத்தை ஓர் அம்மாள் வாடகைக்கு எடுத்தார். சரசா என்று பெயர். பருத்திப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பழைய இரும்புக் குவியலில் நுழைந்து, வேண்டாம் என்று மற்றவர்கள் எறிந்த துண்டுகளாகப் பார்த்துப் பொறுக்கினார். பைத்தியமோ என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். நவீனச் சிற்பி என்று பிறகு தெரிந்தது. அதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று எஸ்டேட்டில் பேச்சு. ‘ஒரு தகட்டைத் தூக்கி நிறுத்த ஆள் வேணும்’ என்று அவர் கேட்க, வேலையில்லாமல் வாசலில் உட்கார்ந்திருந்த இருதயராஜ் போய் நின்றார். அது ஆயிற்று இருபது வருஷம்.

அந்த முதல் வருஷம் நிறுத்தியதுதான் ‘மூவர்’. ஆளுயரத்தைவிட அதிகமான மூன்று இரும்புத் தகடுகள், ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட அரை டன். இரண்டு தகடுகள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கும். மூன்றாவது பின்னாலிருந்து வந்து, அவை இரண்டும் சந்திக்கிற இடத்தில் தன் மேல்முனையைக் கொடுத்து நிற்கும். வெல்டிங் கிடையாது, போல்ட் கிடையாது. ஒன்றை எடுத்தால் மற்ற இரண்டும் விழுந்துவிடும். எந்தச் சாய்வில் வைத்தால் நிற்கும் என்று அந்த அம்மாள் நோட்டுப் புத்தகத்தில் நான்கு பக்கத்துக்குக் கணக்குப் போட்டு வைத்திருந்தார். முதல் தடவை ஹைட்ரா கிரேன் வண்டியின் பெல்ட் தளர்ந்து, மூன்று தகடுகளும் தாமாக நின்றபோது, இருதயராஜ் காட்டிய கையை இறக்க மறந்துவிட்டார். அதுவரை பதினேழு வருஷமாக எத்தனையோ எந்திரங்களை இறக்கியிருக்கிறார். இறக்கி வைத்த சாமானைச் சுற்றி வந்து பார்த்துக்கொண்டே இருந்தது அன்றைக்குத்தான். அதை அவர் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. சொன்னால் எஸ்டேட்டில் கேலி பேசியே வெளுத்துவிடுவார்கள்.

பிறகு கண்காட்சிகள் தொடங்கின. நகரத்துக் கலைக்கூடங்களில் நடப்பது ஒரு ரகம். ஏசி அறை, வெள்ளைச் சுவர், தட்டில் முந்திரிப்பருப்பு, மெல்லக் கிசுகிசுக்கும் மனிதர்கள். தகட்டை உள்ளே கொண்டுபோவதற்குள் கதவைக் கழற்ற வேண்டியிருக்கும், தரையில் கீறல் விழுந்தால் மேனேஜர் கத்துவார். திறந்தவெளிக் கண்காட்சி இன்னொரு ரகம். பூங்காவில், கல்லூரி மைதானத்தில், ஐடி கம்பெனிப் புல்வெளியில். அங்கே கதவுத் தொல்லை இல்லை, ஆட்கள் தொல்லை. வாட்டர் டேங்க் வைக்கப் போகிறீர்களா என்பார்கள். ஒருவன் அதில் கல்யாண போஸ்டர் ஒட்டிவிட்டுப் போனான். ஓரிடத்தில் காவலாளியின் மனைவி கொடி கட்டித் துணியே உலர்த்திவிட்டாள். சரசா அம்மாள் அதற்கெல்லாம் கோபப்படமாட்டார். நல்லதுதானே இருதயம், நாலு பேர் கிட்ட வராங்க என்பார். கிட்ட வருவதுதான் இருதயராஜுக்குப் பயம்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு கிடங்கு வளாகத்தின் காலி மனையில் திறந்தவெளிக் கண்காட்சி போட்டிருந்தார்கள். இரண்டு நாள் மழை. மண் இறங்கி ஒரு தகட்டின் அடி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளை வேனில் கூட்டி வந்திருந்தார்கள். ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் தகடுகளுக்கு நடுவே புகுந்து மேலே அண்ணாந்து பார்த்தபோது, மூன்றாவது தகட்டின் முனை கிரீச் என்று நகர்ந்தது. ஓர் அங்குலம். அவ்வளவுதான், நின்றுவிட்டது. இருதயராஜ் ஓடிப்போய் அந்தப் பெண்ணைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். இன்னா அங்கிள் இப்டி இழுக்கிறீங்க என்று அது அழுதது. டீச்சர் அவரைத்தான் திட்டினாள். சரசா அம்மாள் அன்றைக்கு அங்கே இல்லை.

அன்று சாயங்காலமே இருதயராஜ் எஸ்டேட்டிலிருந்து ஒரு சின்ன வெல்டிங் மிஷினை இரவல் வாங்கி வந்து, ஏணி போட்டு ஏறி, மூன்று தகடும் சந்திக்கிற இடத்தின் பின்பக்கம் இரண்டு இடத்தில், பட்டறையில் பழகிய கையால், சின்னதாகப் பற்றவைத்தார். கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாத இடம். புது வெல்டிங் பளபளக்கும் என்பதால் உப்புத் தண்ணீரைத் துணியில் நனைத்துத் தடவினார். காலையில் துருப் பிடித்து, பழைய இரும்போடு சேர்ந்துவிட்டது.

ஒரு தடவை செய்தால் போதும் என்று நினைத்துச் செய்த காரியம் அது. ஆனால் கண்காட்சி முடிந்ததும் தகடுகளைப் பிரிக்க வேண்டுமே. சரசா அம்மாள் பத்து மணிக்கு வருகிறேன் என்றால் இவர் ஏழு மணிக்கே போய், கிரைண்டரால் பற்றவைத்ததை அறுத்து, தேய்த்து, மறுபடி உப்புத் தண்ணீர் தடவி வைப்பார். அடுத்த கண்காட்சியில் நிறுத்திவிட்டு, ‘நீங்க போங்கம்மா, நான் பெல்ட்டெல்லாம் சுத்தி வெச்சிட்டு வரேன்’ என்பார். கார் தெருமுனை திரும்பியதும் ஏணியை எடுப்பார். இப்படிப் பதினொரு கண்காட்சி. ஒரு வேலைக்கு இரண்டு வேலை. முழங்கால் போனதில் பாதி அந்த ஏணியில்தான் போனது.

ஒவ்வொரு திறப்புவிழாவிலும் அந்த அம்மாள் மைக்கைப் பிடித்து ஒரே விஷயத்தைச் சொல்வார். ‘இதுல ஒரு சொட்டு வெல்டிங் கெடையாது. மூணும் ஒண்ணை ஒண்ணு நம்பி நிக்குது. அவ்வளவுதான்.’ கை தட்டுவார்கள். அந்த வரியைத்தான் பத்திரிகைகளும் எழுதின, பக்கத்தில் வைக்கிற பலகையிலும் அதைத்தான் அச்சடித்தார்கள். அந்த நேரம் பார்த்து இருதயராஜ் டீ குடிக்கப் போய்விடுவார். வார்தா புயலில் எஸ்டேட் மரமெல்லாம் சாய்ந்து, ஒரு கல்லூரி மைதானத்தில் ‘மூவர்’ மட்டும் அசையாமல் நின்றதைப் பற்றி ஒரு நிருபர் கேட்க, ‘கணக்கு சரியா இருந்தா காத்து என்ன பண்ணும்’ என்று அந்த அம்மாள் சிரித்தார். அந்தச் செய்தியை புஷ்பா வெட்டி வைத்திருக்கிறாள். படத்தில் ஓரமாக இருதயராஜின் பாதி முகமும் விழுந்திருக்கிறது. அந்த முகத்தில் சந்தோஷத்தைத் தேடினால் கிடைக்காது.

ஏன் சொல்லவில்லை என்பதற்கு ஒரே காரணம் இல்லை. முதலில் வேலை போய்விடும் என்று பயந்தார். பிறகு வருஷம் ஏற ஏறச் சொல்வது கஷ்டமாகிவிட்டது. ஒரு வருஷத்துப் பொய்யை ஒப்புக்கொள்ளலாம். ஏழு வருஷத்துப் பொய்யை எந்த வாயால் ஒப்புக்கொள்வது.

இப்போது சரசா அம்மாளுக்கு எழுபத்தைந்து. இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் ஆகிவிட்டது. கொட்டகையைக் காலி செய்கிறார், சாமான்களைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்கிறார். நூம்பலில் புதிதாக எழும்பியிருக்கிற அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கத்தார், தங்கள் புல்வெளியில் ஒரு மாதம் அவருடைய சிற்பங்களைத் திறந்தவெளிக் கண்காட்சியாக வைக்கிறோம், ‘மூவர்’ மட்டும் எங்களுக்கே இருக்கட்டும் என்று கேட்டார்கள். சங்கத்தின் செயலாளர் வித்யா. கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண், ஐடி வேலை. காதில் எதையோ மாட்டிக்கொண்டு பேசிக்கொண்டே நடப்பாள். சங்கத்தில் பெரியவர்கள் சிலர், குழந்தைகள் விளையாடும் இடம், வெல்டிங் வைத்துத் தருவீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். சரசா அம்மாள் அதெல்லாம் முடியாது, இஷ்டம் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். அவர்களும் சரி என்றார்கள்.

இருதயராஜ் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. அந்த அம்மாள் கிளம்பிப் போனதும் ஏறி, இந்தத் தடவை சின்னதாக இல்லை, ஒரு முழம் நீளத்துக்குப் பற்றவைத்துவிடலாம். பிரிக்கவே வேண்டாம் என்பதால் அறுக்கவும் வேண்டாம். அதற்குப் பிறகு குழந்தைகள் ஏறி மிதித்தாலும் சரி. அவர் வீட்டில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்ளலாம். பன்னிரண்டு வருஷமாக அவர் கேட்டதெல்லாம் அதுதான்.

நூம்பலில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஹைட்ராவை பரந்தாமன் ஓட்டி வந்தான். ரொம்ப நாள் பழக்கம், இருதயராஜின் கைவிரல் அசைவைப் பார்த்தே லீவரை இழுப்பான். மற்ற சின்னச் சிற்பங்களையெல்லாம் முந்தின நாளே வைத்தாகிவிட்டது. சரசா அம்மாள் காரிலிருந்து இறங்கினார். டிரைவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டு வந்து புல்வெளியில் போட்டார்.

“எதுக்கும்மா வெயில்ல. நிறுத்திட்டு நானே போன் பண்றனே” என்றார் இருதயராஜ்.

“கடைசி தடவை இருதயம். சாயங்காலம் வரைக்கும் இருக்கப் போறேன். வீட்டுல எனக்கென்ன வேலை.”

இருதயராஜ் வண்டியில் இருந்த வெல்டிங் மிஷினை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். போன கண்காட்சியின்போது அந்த அம்மாள் கண் ஆஸ்பத்திரியில் இருந்தார், நிறுத்தும்போது வரவில்லை. அன்றைக்குத் தகடுகள் சட்டென்று நிற்காமல் மூன்று தடவை போக்குக் காட்டின. இருதயராஜ் பெல்ட்டை அவிழ்க்காமலே பற்றவைத்துவிட்டார். ஏன் நிற்கவில்லை என்று அப்போது யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருக்க முடிந்தது.

முதல் இரண்டு தகடுகள் சாய்ந்தன. மூன்றாவதைத் தூக்கி, முனையை இடத்தில் கொடுத்து, இருதயராஜ் கையை மெல்ல இறக்கினார். பரந்தாமன் பெல்ட்டைத் தளர்த்தினான். முனை இரும்பின் மேல் வழுக்கியது. பெல்ட் பிடித்துக்கொண்டது.

“மண்ணைப் பாரு” என்றார் அந்த அம்மாள்.

“மண்ணு கெட்டியாத்தாம்மா கீது. காங்கிரீட் போட்டு வெச்சிகிறாங்க.”

மட்டம் வைத்துப் பார்த்தார்கள். சரியாக இருந்தது. இரண்டாவது தடவையும் வழுக்கியது. மூன்றாவது தடவை ஒரு கணம் நின்றது. சரசா அம்மாள் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். அதற்குள் கிரீச் என்று இறங்கியது. மாடிகளில் ஆட்கள் வந்து வேடிக்கை பார்த்தார்கள். வித்யா காதிலிருந்ததைக் கழற்றிவிட்டாள்.

அந்த அம்மாள் பையிலிருந்து பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு நான்கு பக்கத்தையும் விரலால் தடவிப் படித்தார். நான்காவது பக்கத்திலிருந்து மறுபடி முதல் பக்கத்துக்குப் போனார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பரந்தாமன் பெல்ட்டை இறுக்கிப் பிடித்தபடி, இன்னாண்ணாத்தே என்று கண்ணாலேயே கேட்டான். இருதயராஜ் முனையைப் பார்த்தார். அவருக்குக் காரணம் தெரிந்துவிட்டது. பதினொரு தடவை அறுத்து, பதினொரு தடவை தேய்த்த முனை அது. மற்ற தகட்டைக் கவ்விப் பிடிக்க வேண்டிய கூர் மழுங்கிப் போயிருக்கிறது.

சரசா அம்மாள் நோட்டை மூடினார்.

“எங்கேயோ தப்பு பண்ணியிருக்கேன். அப்பவே பண்ணியிருக்கேன். இத்தனை வருஷம் ஏதோ அதிர்ஷ்டத்துல நின்னுருக்கு.” குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. “ஊர் ஊராப் போய் மைக்ல வேற பேசியிருக்கேன் பாரு.”

“மேடம், வேணும்னா இன்னொரு நாள்…” என்றாள் வித்யா.

“வேண்டாம்மா. இருதயம், நீ மிஷின் வெச்சிருக்கியா?”

“வண்டில கீதும்மா.”

“பத்தவெச்சிடு. நீளமா வெச்சிடு. இது என்னோட கணக்குத் தப்பு, நீ என்ன பண்ணுவே.”

கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. கேட்காமலே கிடைத்துவிட்டது. அந்த அம்மாள் வாயாலேயே சொல்லிவிட்டார். இனி மறைக்கவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். வித்யா பெருமூச்சு விட்டாள். மாடியில் யாரோ, வெல்டிங் பண்றாங்களாம் என்று உள்ளே திரும்பிச் சொன்னார்கள். இருதயராஜ் மிஷினை எடுத்து வந்தார், ஏணியைப் போட்டார், ஒவ்வொரு படியாக ஏறினார். முகமூடியை இறக்கினார். வெல்டிங் ராடை முனையில் வைக்கப் போனவர் கீழே பார்த்தார்.

அந்த அம்மாள் நாற்காலியில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவரைப் பார்க்கவில்லை, தகடுகளையும் பார்க்கவில்லை. புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருஷத்தில் அவரை அப்படி இருதயராஜ் பார்த்ததே இல்லை. விற்காத கண்காட்சி, பத்திரிகைக்காரன் கிழித்த கண்காட்சி, மூன்றே பேர் வந்த கண்காட்சி எல்லாம் கூட இருந்து பார்த்திருக்கிறார். அப்போதெல்லாம் அந்த அம்மாள் கோபப்படுவார், சிரிப்பார், டீ வாங்கி வரச் சொல்வார். இப்படி ஒன்றுமில்லாமல் உட்கார்ந்ததில்லை.

இருதயராஜ் இறங்கிவிட்டார்.

“பரந்தாமா, மூணாவத எடுத்துத் தரைல படுக்க வை.”

“இன்னாண்ணாத்தே, வெல்டிங் வெக்கல?”

“படுக்க வைன்றேன்ல.”

தகடு மரக்கட்டைகளின் மேல் படுத்தது. இருதயராஜ் அந்த அம்மாளின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றார். முழங்காலை மடக்கி உட்கார முடியாது, அதனால் குனிந்துதான் பேச வேண்டியிருந்தது.

“அம்மா, உங்க கணக்கு தப்பில்ல. வந்து முனையத் தொட்டுப் பாருங்க.”

அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் அந்த அம்மாள் வந்தார். குனிந்து, கட்டைவிரலால் முனையைத் தடவினார். ஒரு தடவை இந்தப் பக்கம், ஒரு தடவை அந்தப் பக்கம்.

“இது என்னோட முனை இல்லையே.”

இருதயராஜ் சொன்னார். கிடங்கு வளாகம், மழை, ரெட்டைப் பின்னல் பெண், ஓர் அங்குலம், ஏணி, உப்புத் தண்ணீர், காலை ஏழு மணி. எதையும் விடவில்லை. சொல்லச் சொல்ல, சொல்ல வேண்டியது எவ்வளவு கொஞ்சம் என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. பன்னிரண்டு வருஷத்தை ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிட்டார்.

“எத்தனை ஷோ?”

“பதினொண்ணும்மா.”

“புயல் அடிச்சப்போ?”

“அப்பவும் வெச்சிருந்தேன்.”

அந்த அம்மாளின் முகத்தில் முதலில் ஒரு வெளிச்சம் வந்தது. கணக்கு சரி, அவர் போட்ட நான்கு பக்கமும் சரி. அது தெரிந்த நிம்மதி அது, இருதயராஜுக்கும் தெரிந்தது. அந்த வெளிச்சம் கொஞ்ச நேரம்தான் இருந்தது. பிறகு அவர் அந்தப் பதினொரு மேடைகளையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

“அந்தப் பொண்ணு விஷயத்தை அன்னைக்கே சொல்லியிருந்தா, நானே வேண்டாம்னு சொல்லியிருப்பேன். வெளியில வெக்கவே விட்டிருக்கமாட்டேன்.”

“அதாம்மா சொல்லல.”

“வேலை போயிடும்னா?”

“மொதல்ல அதான். அப்பால அது இல்ல.” இருதயராஜ் தகட்டைப் பார்த்துக்கொண்டு பேசினார். “இது வெளில நிக்கணும்மா. உள்ள வெச்சா நல்லா இல்ல. வெயில்ல நிக்கறப்போதான் நல்லா இருக்குது. நீங்க வெளில வெக்கறத உட்டுட்டீங்கன்னா அப்புறம் எங்க போய்ப் பாக்கறது.”

வித்யா தண்ணீர் பாட்டிலைக் கொண்டு வந்து நீட்டினாள். அந்த அம்மாள் வாங்கிக் கொஞ்சம் குடித்தார்.

“நான் முனைய மறுபடி கட்டித் தரேம்மா” என்றார் இருதயராஜ். “இரும்பை ஏத்தி, அரம் போட்டு, பழையபடி கூராக்கிடலாம். ஒரு வாரம் ஆவும். சுத்தி வேலி போடச் சொல்லலாம், புள்ளைங்க உள்ள வராது. வெல்டிங் இல்லாமலே நிக்கும். நீங்க உக்காந்து பாக்கலாம்.”

“முனை வந்துடும் இருதயம். நீ செஞ்சா நல்லாவே வந்துடும்.” அந்த அம்மாள் புடவைத் தலைப்பால் கட்டைவிரலில் ஒட்டிய துருவைத் துடைத்தார். “அப்புறம் பெல்ட்டை அவுத்துட்டு நான் வீட்டுக்குப் போகணுமே. போனப்புறம் நீ இங்க என்ன பண்ணுவேன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

இருதயராஜ் வாயைத் திறந்தார். மாட்டேன்ம்மா என்று சொல்லத்தான் திறந்தார். ஆனால் ஒரு குழந்தை உள்ளே புகுந்தால் மறுபடி ஏணியை எடுப்பார் என்பது அவருக்குத் தெரியும். அந்த அம்மாளுக்கும் தெரிந்திருந்தது. வாயை மூடிக்கொண்டார்.

“வெல்டிங் வெச்சிடு. அதுதான் சரி, குழந்தைங்க இருக்கிற எடம். வித்யா, அந்தப் பலகையில வெல்டிங் பத்தி ஒரு வரி இருக்கு பாரும்மா, அதை எடுத்துடு. வேற ஒண்ணும் மாத்த வேண்டாம்.” அவர் காரை நோக்கி இரண்டு அடி வைத்தார், நின்றார். “எனக்கு உன்மேல கோபம் வரணும் இருதயம். வரலை. தெம்பில்ல. ஒண்ணு கேக்கறேன். நான்தான் வெல்டிங் வைக்கச் சொல்லிட்டேனே, பேசாம வெச்சிட்டுப் போயிருக்கலாமே. ஏன் சொன்னே?”

“உங்க கணக்கு தப்புன்னு நீங்களே சொன்னீங்க. அதக் கேட்டுகினு நிக்க முடியல.”

அந்த அம்மாள் தலையை ஆட்டினார். கார் கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். சாயங்காலம் வரை இருக்கப் போகிறேன் என்றவர் பதினொன்றரை மணிக்குப் போய்விட்டார். ஏறும்போது எப்போதும் சொல்கிற ‘வரேன் இருதயம்’ மட்டும் அன்றைக்கு இல்லை.

தகட்டை மறுபடி தூக்கினார்கள். இருதயராஜ் ஏணியில் ஏறி, நிதானமாக, ஓரிடம் விடாமல் பற்றவைத்தார். பட்டறை நாட்களுக்குப் பிறகு இவ்வளவு சுத்தமான வெல்டிங்கை அவர் வைத்ததில்லை. பெல்ட் அவிழ்ந்தது, மூன்றும் நின்றன. வித்யா சுற்றி வந்து, கையால் தள்ளிப் பார்த்து, சூப்பர் சார், இப்ப ஸ்ட்ராங்கா இருக்கு என்றாள். அவளுடைய சின்ன மகன் எங்கிருந்தோ ஓடி வந்து தகடுகளுக்கு நடுவே புகுந்து கூவினான். இருதயராஜ் பதறவில்லை. பதற வேண்டிய அவசியமே இல்லை.

சேக்காட்டு வீட்டுக்கு வந்து சேர மத்தியானம் மூன்று மணியாகிவிட்டது. பூந்தமல்லி ரோட்டில் ஒரே லாரி, மொபெட்டை உருட்டாத குறை. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டினார். புஷ்பா சோறு போட்டுக்கொண்டு வந்தாள். அவளுக்கு வெல்டிங் விஷயம் முதலிலிருந்தே தெரியும். ராத்திரி முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவளிடம் ஏணி ஏறியதை எப்படி மறைக்க முடியும். நடந்ததைச் சொன்னார். அவள் தட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்.

“இனிமே கூப்பிடுவாங்களா?”

“கூப்பிட மாட்டாங்க.”

“நல்லதாப் போச்சு. இதைத்தானே கேட்டுகினு இருந்த. ஊட்ல கெட.” தட்டைப் பக்கத்தில் வைத்தாள். பிறகு அவளுக்கே பொறுக்கவில்லை. “அவங்களே வெல்டிங் வைன்னு சொல்லிட்டாங்க. மிஷின் கைல கீது. ஏணில வேற ஏறிட்ட. வெச்சிட்டு எறங்கி வந்திருந்தா அந்தம்மா பாட்டுக்கு உன்னைத் தட்டிக் குடுத்துட்டுப் போயிருப்பாங்க. இருவது வருஷத்துப் பழக்கம். கடைசி நாள்ல போய் யாருனா கெடுத்துப்பாங்களா?”

இருதயராஜ் சோற்றைப் பிசைந்தார். பசி இல்லை. அழுகை வருகிற மாதிரி இருந்தது, இந்த வயதில் அதையும் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

“நாலு பக்கம் போட்ருக்காங்க புஷ்பா” என்றார். “ஒரு எடத்துலயும் தப்பில்ல. நாந்தான் தேச்சுட்டேன்.”